பாக்கெட் ஓரத்தில் நின்ற காய்கள்

போன மாதம் முடிச்சூர் சாலையில் ஒரு மருந்துக்கடையில் போரிக் பவுடர் கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்கு சார், கரப்பானுக்கா?"

கேரம் ஆட என்றேன்.

"அதுக்குத் தனியா ஆன்லைன்ல வருதே சார், ஆர்டர் போட்டா நாளைக்கே வந்துடும்," என்றவள் உள்பக்கம் திரும்பி, "அண்ணா, போரிக் இருக்கா பாருங்க, பெரியவர் கேரம் ஆடப் போறாராம்," என்று கடை முழுவதற்கும் அறிவித்தாள். இருமல் மருந்துக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓய்வு பெற்றவன் மாத்திரை வாங்கினால் மரியாதை, வேறு எதை வாங்கினாலும் தமாஷ்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். அந்தப் பொடிக்குச் சொந்தமாக மணம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் எனக்குத் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் மணத்தன. ஏனென்றால் வாழ்நாளில் பெரும்பகுதி அந்தப் பவுடரைச் சாப்பிட்டு முடித்த கையோடுதான் தொட்டிருக்கிறேன். சாப்பாட்டு டப்பாவை மூடிய மறுநிமிடம் நாங்கள் மனமகிழ் மன்றத்துக்கு ஓடுவோம். மன்றம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். பழைய கோப்புகளைக் குவித்து வைத்திருந்த அறையில் பாதியைத் தட்டி வைத்துத் தடுத்து, தகரக் குடை போட்ட ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே ஒரு கேரம் போர்டை வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் மன்றம். சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அரசு அலுவலகத்தில் மகிழ்ச்சி கட்டாயம்.

மதியத்துக்கு மேல் நகர்ந்த கோப்பு எது என்பதை அதன் அட்டையில் இருக்கும் வெள்ளை விரல் அடையாளத்தை வைத்தே சொல்லிவிடலாம். தணிக்கைக்கு வந்த ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து, "எலிக்கு மருந்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "ஆமாம் சார், தொல்லை ஜாஸ்தி," என்றேன். அவர் அதையும் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

எனக்கு அங்கே இரண்டு பெயர் உண்டு. ஒன்று 'ரூல் புக்'. பயணப்படியோ, ஈட்டிய விடுப்போ, பணிமூப்போ, எதில் சந்தேகம் வந்தாலும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். இன்னொரு பெயர் 'சாம்பியன்'. கேரமிலும் எனக்கு விதி முக்கியம். ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டிருக்க வேண்டும். முழங்கை அம்புக்குறியைத் தாண்டக் கூடாது. ரெட் காயைப் போட்டவன் அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றை ஃபாலோவாகப் போட வேண்டும், தவறினால் ரெட் நடுவுக்குத் திரும்பும். இதையெல்லாம் தெருவில் ஆடிப் பழகியவர்களுக்கு எடுத்துச் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்திருக்கிறது. அவர்கள் கேட்டுக்கொண்டு தோற்பார்கள்.

பெரும்பாலும் எனக்கு எதிரில் உட்கார்ந்தவர் தேவசகாயம். எங்கள் பிரிவில் உதவியாளர், நான் கண்காணிப்பாளர். இரும்புலியூரில் வீடு. காலையில் தாம்பரத்தில் ஒரே மின்சார ரயிலைப் பிடிப்போம். ஜன்னலோரம் எனக்கு, பக்கத்து இடம் அவருக்கு. நான் நாட்டு நடப்பு பேசுவேன், அவர் தலையாட்டுவார். பல்லாவரம் தாண்டும்போது அவர் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து, பிரிக்காமலேயே என்னிடம் நீட்டுவார். நான் படித்து முடித்துக் கொடுத்த பிறகுதான் அவர் பிரிப்பார். அப்படி ஒரு மனிதர்.

ஆட்டத்தில் அவருக்கு ஒரு குறை உண்டு. காய் நேராகப் பாக்கெட்டை நோக்கிப் போகும், விளிம்பில் வந்து நின்றுவிடும். "ச்சே, ஒரு நூல் சார்," என்று நாக்கைச் சப்புவார். நான் என் காய் ஒன்றை ஒரே தட்டில் பாக்கெட்டில் போட்டுவிட்டு, "குறி சரியாத்தான்யா வெக்கிற, விசைதான் பத்தல. மணிக்கட்டுலேர்ந்து வரணும், இப்படி," என்று காட்டிக்கொடுப்பேன். அவர் கவனமாகப் பார்த்துக்கொள்வார். மறுநாளும் காய் விளிம்பில் நிற்கும்.

ஓய்வு பெற்ற மறுவாரமே என் போன் அமைதியாகிவிட்டது. எந்த விதி எங்கே இருக்கிறது என்று கேட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று விதிகள் தெரிந்துவிட்டன போலும். "உங்க ஆபீஸ்காரங்க நாலு பேராவது வருவாங்கன்னு பெரிய டிகாஷன் ஃபில்டரா வாங்கி வெச்சேன்," என்று மனைவி குத்திக் காட்டினாள். வந்தவர் தேவசகாயம் ஒருவர்தான். அவரும் ஓய்வு பெற்று, மனைவியை இழந்து, அப்புறமும் வந்துகொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் அச்சுமுறுக்கும் அவர் கையால்தான் எங்கள் வீட்டுக்கு வரும். ஒருநாள், "இன்னும் என்னய்யா சார் மோர்னு, பேர் சொல்லிக் கூப்பிடேன்," என்றேன். "சரி சார்," என்றார்.

அவர்தான் போன மாதம் போன் செய்தார். இரும்புலியூர் வீட்டைக் கட்டுமானக்காரரிடம் கொடுத்துவிட்டாராம். கோவையில் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். "இனி இந்தப் பக்கம் வர்றது கஷ்டம் சார். போறதுக்குள்ள ஒரு போர்டு போட்டுடலாமா?"

எனக்கு மிச்சம் இருந்த ஒரே நண்பர். அவரோடு கடைசியாக ஒரு ஆட்டம் ஆடி, வழக்கம்போல் ஜெயித்து, கைகுலுக்கி வழியனுப்ப வேண்டும். அதற்கு மேல் எனக்கு அந்த மாதத்தில் வேறு ஆசை இருக்கவில்லை.

நாங்கள் இப்போது இருப்பது மகன் வாங்கிய அடுக்ககத்தில். இடம் ஒரு காலத்தில் வயல், பிறகு ஒரு வெள்ளத்தில் ஏரி, இப்போது 'வில்லேஜ்' என்று ஆங்கிலத்தில் பெயர். கிளப்ஹவுஸில் விளையாட்டு அறை உண்டு. ஆனால் அறைக்குள் போக முதலில் கேட்டுக்குள் வர வேண்டும் அல்லவா? சொன்ன நேரத்துக்கு வந்த தேவசகாயத்தைக் காவலாளி வெயிலில் நிறுத்திவிட்டார். நான் இறங்கிப் போனேன்.

"என் மேல கோச்சிக்காத சார். ஆப்ல ஓகே குடுத்தாதான் கேட்டு தொறக்கும். பெரியவரு நின்னுகினு கீறாரு, பாவமாத்தான் கீது, நான் இன்னா பண்றது?"

ஆப் என் மகனின் போனில் இருந்தது. மகன் மீட்டிங்கில் இருந்தான். நான் குடியிருப்போர் சங்க விதிகளை எடுத்தேன், அதாவது நினைவிலிருந்து. வசிப்பவர் நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டால் விருந்தினரை அனுமதிக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

"இத்தினி நாளா எவனும் சொல்லலியே சார் இத!" என்று காவலாளி அசந்துபோய்க் கேட்டைத் திறந்தார். விளையாட்டு அறைச் சாவியும் அவரிடமே இருந்தது. அதற்கும் ஒரு முன்பதிவு முறை உண்டு. அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. அன்றைக்கு நான் சந்தேகமில்லாமல் ஜெயித்தது இதில் மட்டும்தான்.

போர்டு புத்தம் புதிது. கட்டடம் கட்டியபோது வாங்கியது, பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை. உறையைக் கிழித்து, நான் பவுடரைத் தூவ, தேவசகாயம் உள்ளங்கையால் பரப்பினார். காய்களை அடுக்கிவிட்டு, "நீங்க உடைங்க சார்," என்றார். எப்போதும் உடைப்பது நான்தான். அன்றைக்கு எனக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது. "இன்னிக்கு நீயே உடைய்யா," என்றேன்.

உடைத்தார். இரண்டு வெள்ளை விழுந்தன. அடுத்து, தன் கோட்டுக்குப் பின்னால் கிடந்த காயைக் கட்டை விரலால் சுண்டினார். அவர் கட்டை விரலால் அடித்து நான் பார்த்ததே இல்லை. அதுவும் விழுந்தது. ஒரு காயை எதிர்ச் சட்டத்தில் மோதவிட்டுத் தன் பக்கத்துப் பாக்கெட்டுக்கே திரும்ப வரவழைத்தார். ரெட். ஃபாலோ. கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்ட்ரைக்கரைத் தொடுவதற்கு முன்பே போர்டு முடிந்துவிட்டது.

"எங்கய்யா கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"சின்ன வயசுல சார்! வண்ணாரப்பேட்டைல பெரியப்பா வூட்டுலதான வளந்தேன். சந்துக்கு ஒரு போர்டு கீது. சும்மா வுடுவானுங்களா? ஆடியே ஆவணும்!"

அந்தக் குரலையும் நான் கேட்டதில்லை. என்னிடம் பேசும்போது அவர் எப்போதும் இஸ்திரி போட்ட தமிழ்தான் பேசுவார். சந்தோஷத்தில் மூச்சு வாங்க நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்த்தார். அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் அணைந்தது மட்டும் தெரிந்தது.

இரண்டாவது போர்டில் அவர் அடித்த முதல் காய் பாக்கெட் விளிம்பில் வந்து நின்றது. "ச்சே, ஒரு நூல் சார்," என்றார். அடுத்ததும் நின்றது. அதே நாக்குச் சப்பு. நான் விளிம்பில் நின்ற அந்தக் காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேரமில் காயைப் பாக்கெட்டில் போடுவது பெரிய காரியமில்லை. அதன் வாயில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் கஷ்டம். விசை கொஞ்சம் கூடினால் விழுந்துவிடும், கொஞ்சம் குறைந்தால் பாதி வழியில் நின்று குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த மனிதருக்குத்தான் நான் மணிக்கட்டைப் பிடித்து விசை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"வேணும்னுதான விட்ட?"

"இல்ல சார். வயசாச்சில்ல."

"போன போர்டுல வயசாகலியா?"

விரலில் ஒட்டிய பவுடரைத் தட்டிக்கொண்டார். "கை பழகிப்போச்சு சார். எதிர்ல நீங்க உக்காந்தா தானா நின்னுடுது."

"யாரு உன்ன விடச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். எங்களுக்கெல்லாம் சி.ஆர். எழுதுனது நீங்கதான? ராமமூர்த்தி கதையத்தான் பாத்தோமே."

சி.ஆர். என்பது ஆண்டுக்கு ஒருமுறை கீழே இருப்பவரைப் பற்றி மேலே இருப்பவர் எழுதும் மந்தண அறிக்கை. பதவி உயர்வு அதில்தான் தொங்கும். அது எனக்குத் தெரியும். ராமமூர்த்தி யார் என்றுதான் யோசிக்க வேண்டியிருந்தது. புதிதாக வேலையில் சேர்ந்த ஒல்லியான ஆள். பொங்கல் போட்டியில் இறுதி ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்தவர். அறையே விசிலடித்தது. அந்த வாரமே அவருக்கு இராமநாதபுரம் பக்கம் மாறுதல் ஆணை வந்தது.

அது பொது மாறுதல். பட்டியல் தயாரானது தலைமை அலுவலகத்தில். கருத்துரு எங்கிருந்து போகும், ஒப்புதல் யார் தருவார், எங்கள் அலுவலகத்துக்கு எந்தக் கட்டத்தில் தெரியவரும் என்று தேவசகாயத்துக்கு ஒவ்வொன்றாக விளக்கினேன். என் குரல் ஏறிக்கொண்டே போனது. அந்த ஆணையை நான் முதலில் பார்த்ததே ராமமூர்த்தியின் மேஜைமேல்தான். இதில் என் கை இல்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை அப்போதே சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் என்னிடம் தோற்கக் கற்றுக்கொண்டார்கள். நான் அதை என் ஆட்டத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

தேவசகாயம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொன்னா சரிதான் சார்," என்றார்.

அதுவும் விளிம்பில் வந்து நின்ற காய்தான். நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. ரயிலில் நான் பேசிய நாட்டு நடப்புக்கெல்லாம் ஆடிய தலை? ஜன்னலோரம் எனக்குத்தான் பிடிக்கும் என்று விட்டுக்கொடுத்தாரே, அவருக்கும் பிடித்திருக்குமோ? ஒரு கோப்பைத் திறந்தால் அதனோடு கட்டிய பழைய கோப்புகள் எல்லாம் சேர்ந்து வருவது போல் வந்துகொண்டே இருந்தன.

"ஒழுங்கா ஆடுய்யா," என்று கெஞ்சிப் பார்த்தேன். அதட்டலாகத்தான் வெளியே வந்தது.

"ஆடறேன் சார்," என்றார்.

மூன்றாவது போர்டும் போட்டோம். நான் ஜெயித்தேன். அவர் எழுந்து என் கையைக் குலுக்கி, "சாம்பியன் சாம்பியன்தான் சார்," என்றார். அதில் துளி கேலி இருந்திருந்தால்கூட அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்த அலுவலகக் கட்டடம் இப்போது இல்லை. பல மாடிக் கட்டடம் ஒன்றுக்கு எல்லோரையும் மாற்றிவிட்டார்கள். ஓய்வூதிய வேலையாக ஒருமுறை போயிருந்தேன். சாப்பாட்டு வேளையில் ஆளுக்கொரு போனில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் பவுடர் கிடையாது, எதிரில் யாரும் கிடையாது, யாருக்காகவும் தோற்க வேண்டியதில்லை. போர்டு போனதற்கும் மன்றம் போனதற்கும் யாரிடமாவது மனுக் கொடுக்கலாம், எனக்கு வழி தெரியும். நான் ஜெயித்த ஆட்டங்கள் போன மாதம் ஒரே மதியத்தில் காணாமல் போயினவே, அதற்கு எந்தப் பிரிவில் போய் நிற்பது?

தேவசகாயம் கோவையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறார். சி.ஆர். எழுதும் காலம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் கூப்பிடுகிறார். பாசமாக இருக்கலாம், வெறும் பழக்கமாக இருக்கலாம். கேட்டால் எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார் என்பதால் கேட்பதில்லை. போன வாரம் பேச்சு நின்றுபோன ஒரு இடத்தில் பழைய அலுவலகத் தமாஷ் ஒன்றைச் சொன்னேன். அந்த முனையில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். முன்பெல்லாம் அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.