மாடியில் குடியிருப்பவளுக்காக நான் அனுப்பாத படிவம்

சென்ற தவக்காலத்தில், என் வீட்டு மாடியில் குடியிருக்கும் கிளேர் இந்த நாட்டை விட்டே போக வேண்டிய நிலை வந்தது. காரணம் நான். அதை மறைக்காமல் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கிளேர் பிரான்சுக்காரி. வணிக விசாவில் வந்து, மீனவர் பகுதியான வைத்திக்குப்பத்துப் பெண்கள் ஆறு பேரோடு துணிப்பை தைக்கும் கூடம் நடத்துகிறாள். நான் வெளிநாட்டினர் பதிவுப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவளுடைய காகிதங்களை எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமையோடு ஏற்றிருந்தேன்.

வெளிநாட்டவருக்கு இடம் கொடுத்தால், அவர் வந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அவர் தங்குவதைத் தெரிவிக்கும் சி படிவத்தைப் பதிவுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பினாலும் மறுபடி அனுப்ப வேண்டும். "அதே ஆளு, அதே ரூம்தானே சார்" என்று கெஞ்சிய எத்தனையோ பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது.

கிளேர் தன் தாயின் அடக்கத்துக்குப் போய்த் திரும்பினாள். அழுது வீங்கிய முகத்தோடு வந்தவளுக்கு என் மனைவி சோறு போட்டாள். நான் பெட்டியை மாடிக்குத் தூக்கிப் போனேன். படிவம் அனுப்பவில்லை. அதே ஆள், அதே அறை.

விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்தபோது அது வெளிப்பட்டது. நாட்டுக்குள் வந்ததற்கு முத்திரை உண்டு, தங்கியதற்குப் பதிவு இல்லை. விளக்கம் கேட்டு என் மின்னஞ்சலுக்குக் கடிதம் வந்தது. விசாவோ ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனோடு முடிகிறது.

"ஆபீஸ்ல லேட் பண்றாங்கம்மா. அவங்க எப்பவும் அப்படித்தான்" என்று கிளேரிடம் சொன்னேன். அந்த 'அவங்க'ளில் ஒருவனாக முப்பது ஆண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

தையல் கூடத்துச் செல்வி மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். "ஐயா, மேடத்த அனுப்பிடுவாங்களாமே. அப்புறம் நாங்க மறுபடி மீன் கூடைதான் தூக்கணும். நீங்க சொன்னா கேப்பாங்க இல்ல?"

"பாக்கலாம்மா" என்றேன்.

ஒன்பது நாள் நவநாள் செய்தேன். "ஆண்டவரே, அந்தக் குறை யார் கண்ணிலும் படாமல் செய்யும்" என்று கேட்டேன். கடவுளிடமே முறைகேட்டுக்கு மனுப்போட்டேன். பதில் இல்லை.

அடுத்த வெள்ளி கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு. ஆண்டவர் மூன்றாம் முறை விழும் இடத்தில் முழங்காலிட்டேன். எழ முடியவில்லை. மூட்டுவலி என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் கை கொடுத்தார். அப்போதுதான், "என் பெயர் கெட்டாலும் கெடட்டும், அந்தப் பெண்ணைக் காப்பாற்றும்" என்று மன்றாடினேன். உடனே, வேலையில் இருந்தபோது நான் தினமும் சொன்ன வாக்கியம் எனக்குள் கேட்டது. "தப்பு யாருதோ, அவங்களையே கைப்பட எழுதித் தரச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து முதலில் கிளேரிடம் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"மெஸ்யே, ரூல் எல்லாம் தெரியும்னு சொன்னது நீங்கதானே?"

"தெரியும்மா. அதான் வெக்கமா இருக்குது."

"எழுதுங்க. நானும் கூட வரேன்."

திங்கட்கிழமை விடுபட்ட படிவத்தையும் நான் கைப்பட எழுதிய கடிதத்தையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் பெண் அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இது போன வாரமே வந்திருந்தா போன வாரமே மேல அனுப்பியிருப்பேன் சார். இவ்ளோ நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஜெபம் பண்ணேன்மா."

அவர் சிரிக்கவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் பிற்பகல் அனுமதி வந்தது. செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

விதிப்படி நடந்தது, இதில் ஆண்டவர் செய்த புதுமை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அந்த விதி எனக்கு முப்பது ஆண்டாகத் தெரியும். ஆனால் 'தவறு என்னுடையது' என்று ஒருமுறைகூட எழுதியிராத கை இது. அதை எழுத வைத்தவர் ஆண்டவர். அவருக்கு என் வாழ்நாள் முழுவதும் நன்றி.

போன மாதம் கிளேர் மறுபடி ஊருக்குப் போய் வந்தாள். "மெஸ்யே, முதல்ல காப்பி" என்றாள். நான் முதலில் படிவத்தை அனுப்பினேன். இப்போது விசா சந்தேகத்தோடு என் வீட்டுக்கு வருகிறவர்களை நான் விரட்டுவதில்லை, உட்கார வைத்துக் கேட்கிறேன்.

அன்பானவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் போங்கள். என்ன காகிதம் குறைகிறதோ, அதை முதலில் சொல்லிவிடுங்கள். அவர் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.