குருசடிப் படியில் ஒரு நாய்

நாயின் மூக்கில் வாயை வைத்து ஊதினேன் என்று ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் மிருக வைத்தியர். இதற்கெல்லாம் வெட்கப்படப் போவதில்லை.

ஊர் நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட அன்று அந்தக் கரைக்குப் போயிருந்தேன். ஒரு மீனவரின் வள்ளம் திரும்புவதைக் கண்டு அவருடைய நாய் எதிரே நீந்திப்போய், கரையோர வலையில் சிக்கி மூழ்கிவிட்டது. அவரே வலையை அறுத்துத் தூக்கிவந்தார். கடலில் மூழ்கிய ஆட்களைத் தூக்கிச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுவதுபோல, நாயின் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றத் தொடங்கினார்.

"சுத்தாதேங்கோ! கீழ வையுங்கோ!" என்று கத்தினேன்.

மூச்சில்லை, நெஞ்சுத் துடிப்புமில்லை. மணலில் சரித்துக் கிடத்தி அமுக்கினால் நாய்தான் மணலுக்குள் புதைந்தது, நெஞ்சு அமுங்கவில்லை. பக்கத்தில் கெட்டியான சீமெந்துத் தரை என்று இருந்தது அந்தோனியாரின் சின்னச் சிலுவைக் கோயிலான குருசடியின் படி மட்டும்தான். நாயைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினேன்.

"குருசடியில நாயைக் கிடத்துறதோ?" கோயில் காரியம் பார்க்கும் மூப்பர் குறுக்கே வந்தார். "பின்னேரம் செபமாலை இருக்கு, பிள்ளை."

"அந்தோனியார் கோவிச்சால் என்னோட கோவிக்கட்டும். விலத்துங்கோ!"

படியில் கிடத்தி அமுக்கினேன். அதன் வாயைப் பொத்திப் பிடித்து மூக்குக்குள் ஊதினேன். "டொக்டர் நாயைக் கொஞ்சுறா!" என்று ஒருவன் கூவ, கூட்டம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்குத்தான் மூச்சு மிச்சமில்லை. கை சோர்ந்ததும் மீனவரை அமுக்கச் சொன்னேன். அழுதுகொண்டே அமுக்கினார்.

"செத்திட்டுது, விடுங்கோ," என்றார் மூப்பர்.

"விடமாட்டன்!" மீனவர் கையை எடுக்கவில்லை. "வீட்டில என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறது இது மட்டும்தான்."

இந்த நிலையில் வருபவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. எனக்குத் தெரியாதா? அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னால், போங்கள், நான் நிற்கமாட்டேன்.

திரும்பவும் ஊதினேன். நாயின் நெஞ்சில் வைத்திருந்த என் கைக்குக் கீழே ஏதோ இடறியது. பிறகு இன்னொருமுறை. நாய் இருமி, குடித்த கடல்தண்ணீரைப் படியிலேயே கக்கியது. "ஐயோ, என்ர ராசா!" என்று மீனவர் அதைக் கட்டிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தால் என்ன!

அதற்குள் மூப்பர் வாளியில் தண்ணீரோடு வந்து நின்றார். "படியைக் கழுவவேணும். நாயைத் தூக்குங்கோ."

"அது தானா எழும்பி நடந்து போகும். அதுக்குப் பிறகு கழுவுங்கோ," என்றேன். "அதுவரைக்கும் இது என்ர ஆஸ்பத்திரி."