இரண்டு இழுப்பு

பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், "அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். நீங்களும் என்னைக் கேட்கலாம். இரண்டு இட்லி. நடந்தது காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில்.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, மரமே முளைக்காத ஒரு தீவின் கடலில், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முக்குளிக்கப் பயின்றவன் நான். அங்கே குளிர் முதலில் பல்லைத்தான் பிடிக்கும். மூச்சுக்குழாயைக் கடித்திருக்கும் பல் வேர்வரை வலியில் தெறிக்கும். கோட்டைப்பட்டினத்தில் மூழ்கிய படகு ஒன்றைப் பார்க்க வந்திருந்த என்னை, தாசில்தார் ஜீப் அனுப்பி இலுப்பூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்கு வரவழைத்தார். மூன்று நாள் மழையில் கரை கசிந்துகொண்டிருந்தது, மடையின் அடைப்புக் கல் சிக்கிக்கொண்டது, சாயங்காலத்துக்குள் திறக்காவிட்டால் கரை உடைந்து கீழே இருக்கிற ஊர் போய்விடும்.

கயிறு பிடிக்க வந்தவர் மாரிமுத்து. மடை திறப்பது அவர்கள் குடும்ப வேலை. முந்தின வருஷ மழையில் இதே மடையைத் திறக்க முங்கிய அவருடைய அண்ணன் மேலே வரவேயில்லை, உடலும் கிடைக்கவில்லை.

மடைக்கு மேலே இருந்த கல்மேடையில், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவருக்கு விதிகளைச் சொன்னேன். ஒரு இழுப்பு, நலமா. இரண்டு, இன்னும் கீழே. நாலு, மேலே வா.

"எங்க வழக்கத்துல ரெண்டு சுண்டு சுண்டுனா மேல வந்துரணுங்க. நாலு எண்ணுறதுக்குள்ள முங்குனவன் மூச்சு முடிஞ்சுரும்."

"என் மூச்சு முதுகில் இருக்கிறது."

"அது என்னங்க, ஆக்சிசனா?"

"வெறும் காற்று."

"அட, காத்துக்கா சீமைக்குப் போனீங்க!"

இடுப்பில் முடிச்சுப் போட்டபின் இரண்டு முழம் கயிறு மிச்சமாகக் காலருகே தொங்கியது. விதிப்படி அதை வெட்டியிருக்க வேண்டும். சோம்பல்.

கீழே கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, தடவித்தான் அடைப்பைக் கண்டுபிடித்தேன், கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன், அசையவில்லை. தண்ணீர் வெதுவெதுவென்றுதான் இருந்தது. திடீரென்று பல் தெறித்தது. நம்பாவிட்டால் போங்கள், அந்தத் தீவின் குளிர், அதே குளிர், புதுக்கோட்டைச் சீமையில்.

அப்போது இடுப்பில் இரண்டு இழுப்பு.

இன்னும் கீழேயா? நான் தரையில் அல்லவா மண்டியிட்டிருக்கிறேன்! பாடம் நடத்தியது அத்தனையும் வீண் என்று எரிச்சல் வந்தது. மாரிமுத்துவைத் திட்டுவதற்காகவே மேலே வந்தேன்.

தலை வெளியே வந்ததும் காலுக்கடியில் தண்ணீர் குமுறிச் சுழன்றது. கயிற்றைப் பிடித்து எப்படியோ கரைக்கு ஏறினேன். கடப்பாரைக்கு அசையாத கல், ஆளில்லாமல் திறந்துவிட்டது. ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் மடையின் துளைக்குள் போயிருப்பேன்.

மாரிமுத்து கரையின் மறுகோடியிலிருந்து, தலையில் மண்மூட்டையோடு ஓடிவந்தார். "தொறந்துட்டான்!"

"யார்?"

அவர் மூட்டையை இறக்கிவைத்தார். "ஏன் இழுத்தீர்கள்?" என்றேன்.

"நான் தொடலைங்க. அங்கிட்டு கசிஞ்சுதுன்னு கயித்தக் கருவேல மரத்துல கட்டிட்டுப் போயிட்டேன்."

மரத்தைப் பார்த்தேன். முடிச்சு அப்படியே இருந்தது. பிறகுதான் உறைத்தது: அந்த இழுப்பு என்னை மேலே தூக்கவில்லை. இரண்டு தடவையும் இடுப்பு கீழே இறங்கியது. தொங்கிய அந்த இரண்டு முழத்தைத்தான் யாரோ பிடித்திருக்க வேண்டும்.

நீரோட்டம், பயம், நரம்பு என்று எல்லா விளக்கமும் நானே எழுதிப் பார்த்துவிட்டேன். அண்ணன்தான் என்னைக் காப்பாற்றினார் என்று மாரிமுத்து கடைசிவரை சொன்னார். அவர்கள் வழக்கப்படி இரண்டு என்றால் மேலே போ என்பது சரிதான்.

ஆனால் என் விதியை நான் மடைக்கு நேர் மேலே நின்றுதான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். இரண்டு என்றால், இன்னும் கீழே.