மாமா வந்த டிவிடி

டிவிடி வாடகைக்கு விடுகிறவன் படம் பார்ப்பதே இல்லை; திருப்பித் தர வருகிறவர்களின் விமர்சனத்தைக் கேட்டே அவன் ஆயுள் முடிந்துவிடும். ஒரகடத்தில் அப்படியொரு கடையை வைத்துக் கட்டி அழுதவன் நான். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்த பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்காவது புரியும்.

கலர் எங்கே?

என்னிடம் ஒரு பழைய இங்கிலீஷ் சஸ்பென்ஸ் படம் இருந்தது. கறுப்பு வெள்ளை. அக்கா வீட்டுக்குத் தம்பி பெட்டி நிறையப் பரிசோடு வருகிறான். வீடே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. அவன் கொலைகாரன் என்பது அக்கா மகளுக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் நம்ப ஒரு நாதியில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் நிலத்தை விற்றுக் கார் வாங்கிய ஒருத்தர் அதை எடுத்துப் போனார். மறுநாள் வந்து மேஜையில் விசிறியடித்தார்.

"இன்னாப்பா, கலரக் கழுவிட்டுக் குடுத்துக்கிறியா? அந்தாளு தங்கமாத்தான் கீறான். அந்தப் பொண்ணுதான் சும்மா மொறைச்சிக்கினு கீது!"

முடிவைச் சொன்ன சூப்பர்வைசர்

செல்வி சாத்தூர்க்காரி. செல்போன் கம்பெனியில் வேலை, மண்ணூரில் நாலு பெண்களோடு வாடகை ரூம். பொங்கல் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது கடைக்கு வந்தாள். "அண்ணே, சொந்தக்காரனே கெட்டவனா வர்ற படம் இருக்கா? அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்."

அவளைத் தாய்மாமனுக்கே கட்டிவைக்கப் பேச்சு நடக்கிறதாம். மாமனின் முதல் பெண்டாட்டி கிணற்றில் தவறி விழுந்து செத்தவள். "தவறி விழுந்தவ கழுத்துல எப்படிக் காயம் வரும்னு கேட்டேண்ணே. அம்மா வாயிலயே போட்டுச்சு." அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பின்னால் நின்ற ஒரு லைன் சூப்பர்வைசருக்கு வாய் சும்மா இருக்குமா? "அட, இதுவா! மாமன்தாம்மா கொலகாரன்!" என்றார் கடையே கேட்க. படுபாவி, சஸ்பென்ஸைப் போட்டு உடைத்துவிட்டார்.

செல்வி திரும்பிப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியும் சார். எங்கம்மாவுக்குத்தான் தெரியணும்."

அம்மாவின் விமர்சனம்

லீவு முடிந்து வந்தவளிடம், "அம்மா என்ன சொன்னாங்க?" என்றேன். சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் ஊர்ப் பக்கம் தாய்மாமன் பெட்டியோடு வந்தால் பரிசம் போட என்று அர்த்தம். பாஷை புரியாத அம்மா அதைக் கல்யாணப் படமென்றே நினைத்துவிட்டார். "எம்புட்டுச் சீரு கொண்டாந்திருக்கான்! இந்தச் சிறுக்கிக்கு ஏன் இந்தக் கொழுப்பு?" என்று திட்டிக்கொண்டே பார்த்தாராம். பக்கத்திலேயே காலாட்டியபடி நிஜ மாமனும் உட்கார்ந்திருக்கிறான்.

படத்தில் மாமன் அந்தப் பெண்ணை ஆற்றங்கரைக்குத் தனியாகக் கூட்டிப் போகிறான். இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் நிற்கிறார்கள். அதற்குள் நிஜ மாமன் துள்ளி எழுந்து டிவி வயரைப் பிடுங்கிவிட்டான். "நான் ஒண்ணும் அவளத் தள்ளிவிடல!" என்று ஒரே கத்தல். அவனை யாரும் ஒன்றும் கேட்கவேயில்லை.

அம்மா தம்பி பக்கம் திரும்பினாராம். செல்வியின் கல்யாணப் பேச்சு அந்த இடத்திலேயே முறிந்தது. அப்போது அம்மா கேட்டதை அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள்:

"படத்துல இன்னும் யாரும் யாரையும் தள்ளலையேப்பா, நீ எவளச் சொல்லுத?"

ஆக, சஸ்பென்ஸ் படத்தின் முடிவை உடைக்க சூப்பர்வைசரெல்லாம் எதற்கு, மடியில் கனமுள்ள மாமன் ஒருத்தன் கூட உட்கார்ந்து பார்த்தால் போதும்.