என் வீட்டுக்கு ஒத்துவந்த ஊசி

இரண்டாவது பிள்ளைக்காக என் வயிற்றைத் திறந்து வைத்திருந்த நேரத்தில், வராந்தாவில் நின்ற என் மாமியாரிடம் போய் ஒரு நர்ஸ் கேட்டிருக்கிறாள். "இதுவும் பொம்பளப்பிள்ளதான். இதோட குடும்பக் கட்டுப்பாடு பண்ணிரலாமா?" மாமியார் வேண்டாம் என்றார். பக்கத்தில் நின்ற என் புருஷனும் வேண்டாம் என்றார். உள்ளே இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்த நான், "எனக்கு வேணும், பண்ணிருங்க" என்று கத்தினேன். "வீட்டுல சம்மதிக்கலியேம்மா" என்றார் டாக்டரம்மா, தைத்துக்கொண்டே. முதல் ஆபரேஷன் தழும்பு காகிதம்போல ஆகிவிட்டது, இன்னொன்று உண்டானால் கர்ப்பப்பை கிழியும், ஆளைக் காப்பாற்றுவதே கஷ்டம் என்றும் அவரேதான் சொன்னார். சொல்லிவிட்டு முடிச்சுப் போட்டார்.

வயிறு என்னுடையது, உயிர் என்னுடையது, முடிவெடுத்தது மட்டும் வராந்தா. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

என் புருஷன் தோவாளைச் சந்தையில் பூ எடுத்து, களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக் கடைகளுக்கு மினிலாரியில் கொண்டுபோகிறவர். வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் பிச்சிப்பூ மணக்கும். அந்த மணத்துக்கு அடியில் பிராந்தி நாற்றம் இருந்தால் அன்றைக்கு எனக்கு அடி. பூக்காரன் பெண்டாட்டி என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட பெண்களும் இந்த ஊரில் உண்டு. அவர்களில் யாரையாவது ஒரு வாரம் என் இடத்தில் குடிவைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

தையல் ஆறியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். எந்த முறை உங்கள் உடம்புக்கு ஏற்றது என்று அங்கே சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி, ஊசி, ஆண்களுக்கான ஆபரேஷன் என்று எல்லாம் அதில் இருந்தது. படத்திலிருந்த புருஷன் பெண்டாட்டியின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் எந்த ஊர்க்காரனோ தெரியவில்லை.

ஆணுறையை முதலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நான் என்ன சீக்காளியாட்டி?" என்று முகத்தில் எறிந்தார். ஆண்களுக்கான ஆபரேஷன் சின்னதுதான், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று இன்னொரு நாள் ஆரம்பித்தேன். பேச்சை முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த எவர்சில்வர் தம்ளர் பறந்து வந்தது. அதன் விளிம்பு போட்ட தழும்பு இப்போதும் என் இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிறது.

இனிமேல் கேட்டுச் செய்கிற வேலை கிடையாது என்று மாத்திரைக்குப் போனேன். அட்டையை வெந்தயச் சம்புடத்துக்குள் புதைத்து வைத்திருந்தேன். மாமியார் அதைக் கிளறி எடுத்து, என் கண்முன்னாலேயே அடுப்பில் போட்டார். அன்று புருஷன் என் கையைப் பின்னால் முறுக்கியதில் தோள் இறங்கிவிட்டது. எண்ணெய்போட்டு இழுத்துவிட்ட வைத்தியரிடம், கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்று மாமியார் சொன்னார். எங்கள் வீட்டில் கிணறே கிடையாது.

அடுத்தது காப்பர்-டி. உதிரம் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் மாதாமாதம் ஒழுங்காக வந்தது, மாமியாருக்குச் சந்தேகம் வரவில்லை. இதுதான் நமக்கானது என்று நிம்மதியாக இருந்தேன். அதன் நூல் ஒருநாள் புருஷன் கைக்குத் தட்டுப்பட்டது. தலைமயிரைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, நாகர்கோவிலில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார். "எடுக்கச் சம்மதமாம்மா?" என்று அந்த டாக்டர் என்னைக் கேட்கத்தான் செய்தார். திரைச்சீலைக்குக் கீழே புருஷனின் செருப்புகள் தெரிந்தன. சம்மதம் என்றேன்.

விட்டுவிட்டு வரவேண்டியதுதானே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். என் அம்மா வீட்டில் எனக்கு இடம் உண்டு. பிள்ளைகளை அவர்கள் அப்பனிடம் விட்டுவிட்டு வா என்றான் என் தம்பி. அப்படிப்பட்ட இடம் எனக்குத் தேவைப்படவில்லை.

மறுபடியும் சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம்தான் போய் உட்கார்ந்தேன். அவர் என் புருவத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார்.

"ஊசி போட்டுக்க மக்கா. வீட்டுல ஒண்ணும் ஒளிச்சு வைக்காண்டாம். கைக்கும் ஒண்ணும் தட்டாது. மூணு மாசத்துக்கு ஒருக்க இங்க வந்தாப் போரும்."

"வேற ஏதாம் தொந்தரவு உண்டாக்கா?"

"தீட்டு முன்ன பின்ன ஆகும். திடீர்னு கொஞ்சம் கொஞ்சமாப் படும். செல பேருக்கு நின்னே போயிரும். அதுனால உடம்புக்குக் கேடு ஒண்ணும் இல்ல, மனசிலாச்சா?"

அது ஓணச் சமயம். புருஷன் இரவும் பகலும் லாரியிலேயே கிடந்தார். நான் ஊசி போட்டுக்கொண்டு, நர்சம்மா சொன்னபடி புஜத்தைத் தேய்க்காமல், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். நின்னே போயிரும் என்று சொன்னபோது, நல்லதாப் போச்சு, ஒரு தொல்லை குறைந்தது என்றுதான் நினைத்தேன். அந்த வீட்டில் இருந்துகொண்டு அப்படி நினைத்த என்னைத்தான் முதலில் அடித்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தீட்டு நாளில் அடுக்களைக்குள்ளோ விளக்கு வைக்கிற அறைக்குள்ளோ போகக்கூடாது. வீட்டுச் சுவரோடு ஒட்டி இறக்கிய பின்பக்கத்துச் சாய்ப்பில் தனிப்பாய், தனித்தட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைத்துவிடலாம், நான் சாய்ப்பில் உட்கார்ந்தேனா இல்லையா என்பதை என் மாமியாரிடம் மறைக்க முடியாது. முதல் மாதம் உட்காரவில்லை. மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதமும் உட்காரவில்லை என்றதும் காலையில் எனக்கு முட்டை அவித்து வந்தது.

"குடத்தத் தூக்காத மக்கா. இது ஆணாக்கும். எனக்குச் சொப்பனம் வந்துட்டு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் புருஷன் உள்ளே வந்தார். பிராந்தி நாற்றம் அடித்தது. நான் வழக்கம்போல் சுவரோடு ஒட்டினேன். அவர் என்னைத் தொடவில்லை. ஒரு பொதி ஏத்தங்காய் சிப்ஸை என் பக்கத்தில் வைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரங்களை என்னால் மறக்க முடியாது. யாரும் என்னை அடிக்கவில்லை. கதவு திறக்கும் சத்தத்தில் உடம்பு குறுகாமல் ஒருத்தி சோறு தின்னலாம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆண்பிள்ளை பிறந்தால் தொட்டில் கட்டுவதாக மாமியார் இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். டாக்டரிடம் போகலாம் என்றபோதெல்லாம், கண்பட்டுவிடும், மூன்று மாதம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். இல்லாத பிள்ளை எனக்குச் சோறு போட்டது, காவல் இருந்தது. பெற்ற பிள்ளைகளால் எனக்கு அதைச் செய்ய முடியவில்லை.

அடுத்த ஊசியும் போட்டு வந்தாயிற்று. ஒருநாள் காலையில் பின்முற்றத்தில் உட்கார்ந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்தபோது மாமியார் என் சேலையின் பின்பக்கத்தைப் பார்த்தார். நர்சம்மா சொன்னதுபோலக் கொஞ்சமாகத்தான் பட்டிருந்தது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் தெருவே திரண்டது.

"கொன்னுட்டாளே! ஆசுவத்திரிக்குப் போயி என் பேரனக் கலச்சுட்டு வந்துட்டாளே பாவி!"

நான் பஸ்ஸில் போய்வந்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்தோடு ஓடிவந்தார். முதல் உதை அடிவயிற்றில் விழுந்தது. அங்கே பிள்ளை இருக்கிறது என்று இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்த இடம்தான். விழுந்தேன். முதுகில் மிதித்தார். விறகுக் கட்டையை எடுத்து, தூக்கிய என் கையில் அடித்தார். "எம்பிள்ள எங்கட்டி? சொல்லு, எம்பிள்ள எங்க?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். மதிலுக்கு மேலே வரிசையாகத் தலைகள் தெரிந்தன. ஒரு தலைகூட உள்ளே வரவில்லை.

பிள்ளையே இல்லை, அது ஊசி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடி நிற்கலாம். ஆனால் ஊசியும் அன்றோடு நின்றுவிடும். பிறகு என்னை வெளியே விடமாட்டார்கள். மூன்றாவது உண்டாகும், கிழியும், நான் போய்ச்சேருவேன். என் பெண்கள் இரண்டு பேரும் இந்த முற்றத்தில் வளருவார்கள். அவர்கள் வாசல்படியில் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறொன்று. எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கையில் தேங்காய் உடைத்த வெட்டுக்கத்தி இருந்தது என்று பிறகு மூத்தவள்தான் சொன்னாள்.

"ஆமா, நாந்தான் கொன்னேன்! ஆம்பளப்பிள்ளன்னு தெரிஞ்சுதான் கொன்னேன்! இனி ஒண்ணு வந்தாலும் கொல்லுவேன். உனக்கு எத்தன வேணும்? தந்துக்கிட்டே இரு, கொன்னுக்கிட்டே இருக்கேன். கேட்டியா?"

அதுவரை அவரை நான் நீ என்று சொன்னதில்லை. அவர் கையிலிருந்த விறகு கீழே விழுந்தது. அவர் முகத்தில் நான் அதற்குமுன் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். அது பயம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது.

முறிந்த கை எலும்பு ஒன்றுசேர நாள் பிடித்தது. என்மேல் இசக்கி ஏறிவிட்டாள் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை. அவர் இப்போது நான் வைக்கும் சோற்றைப் பூனைக்குக் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார். புருஷன் முன்னறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்கிறார். சுவரில் ஒட்டிய படத்திலுள்ள எந்த முறையும் தராத பலனை அந்த ஒரு பொய் எனக்குத் தந்திருக்கிறது. செய்யாத கொலைக்கு நான் வருத்தப்படவும் இல்லை.

ஆனால் அந்தப் பயம் எத்தனை மாதம் வேலை செய்யும் என்று எந்த நர்சம்மாவாலும் சொல்ல முடியாது. அதனால் நான் இன்னும் ஊசியை நிறுத்தவில்லை.