பல்லாவரம் சந்தையில் ஒரு தையல் மெஷின்

பேரம் பேசுவதில் என் வீட்டுக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று தாம்பரத்தில் எங்கள் காம்பவுண்டு முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். கம்பெனியில் அவருக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. பல்லாவரம் சந்தையும் வெள்ளிக்கிழமைதான். கேட்க வேண்டுமா? குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கிளம்பிவிடுவார். நானும் கூடப் போயாக வேண்டும். அவருடைய பேரத்தில் எனக்கும் ஒரு வேஷம் இருந்தது.

அவர் விலை கேட்பார். நான் முகத்தைச் சுளித்து, "நல்லாவே இல்லைங்க, வாங்க போகலாம்" என்று குறை சொல்ல வேண்டும். பிறகு இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். கடைக்காரர் கூப்பிட்டுவிட்டால் நாங்கள் ஜெயித்த மாதிரி. எனக்கு ஒரு பொருள் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு பலமாக அதைத் திட்ட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். எனக்கு இந்தக் கூத்து ஆரம்பத்திலிருந்தே வெறுப்புதான்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் தையல் படித்தவள். ஒரு மெஷின் மட்டும் இருந்தால் நாலு ஜாக்கெட் தைத்து என் கையிலும் காசு புழங்கும், சேஃப்டி பின் வாங்கக்கூட இவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போயிற்று. "சந்தையில தோதா வரட்டும், பார்ப்போம்" என்பார்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அது வந்தது. பழைய ஃபேன்களுக்கும் எங்கிருந்தோ பெயர்த்துக்கொண்டுவந்த ஜன்னல்களுக்கும் நடுவில், கையால் சுற்றுகிற கறுப்பு மெஷின். கடைக்காரர் ஒரு துண்டுத் துணியை நீட்டி, "நீயே தச்சிப் பாருக்கா" என்றார். தைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட விடாமல் சீராக ஓடியது. சக்கரத்திலிருந்து கையை எடுக்கவே மனசு வரவில்லை. என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார்.

"சத்தம் ஓவரா வருது. நூல் வேற அறுக்குது" என்றேன்.

"இன்னாக்கா, கண்ணால பாத்துகினே இப்டி சொல்ற? சோக்கா ஓடிகினு கீது!"

அவர் அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார். கடைக்காரர் முடியாது என்று தலையை ஆட்டினார். நாங்கள் நடந்தோம். செடி விற்கிற இடம் வரைக்கும் போயிருப்போம், கூப்பிடுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன்.

"சார்! வா சார், நீ கேட்ட ரேட்டுக்கே எடுத்துக்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஷினைத் தூக்குவதற்கு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினேன். அவர் நகரவில்லை.

"நூல் அறுக்குதுன்னு நீதானே சொன்னே? தெரிஞ்சே யாராவது காசைக் கரியாக்குவாங்களா?" என்றார்.

இன்னும் குறைக்கப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன், பைத்தியக்காரி. அவர் ஸ்டேஷனைப் பார்த்து நடையைக் கட்டிய பிறகுதான் உறைத்தது. அந்த மனுஷனுக்கு வாங்குகிற எண்ணமே இருந்ததில்லை. "சும்மா சொன்னேங்க, நல்ல மெஷின்தாங்க" என்று பின்னாலேயே ஓடினேன். "ரோட்டுல மானத்தை வாங்காதே" என்றார். கடைக்காரர் எங்களைத் திட்டியது ரொம்ப தூரம் வரை கேட்டது. அந்த ஆள் திட்டியது நியாயம்.

சாயங்காலம் காம்பவுண்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த ஆளை எப்படி இறங்கி வரவைத்தேன் என்று எல்லோருக்கும் சொல்லி மாய்ந்துபோனார். நான் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஏண்ணா வாங்கலை?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்.

"இவளுக்குப் பிடிக்கலை" என்றார்.

அந்த அக்கா காபியை வாங்கிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயில்ல அலைஞ்சு பொண்டாட்டிக்காக இவ்வளவு பண்றாரு மனுஷன். உனக்கு எதுதாண்டி பிடிக்கும்?" என்றாள்.