நான் பார்க்காத பறவை

பிள்ளைகளா, பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் உங்கள் அப்பா என்றைக்கும் நம்பியதில்லை. அமாவாசைக்கு மறுநாள் மந்தைவெளியில் தெருவில் உடைத்துப்போட்ட பூசணிக்காயைக் கண்டு எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள், நான் நேராகத் தாண்டித்தான் டியூட்டோரியலுக்குப் போவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். உங்கள் அம்மாவே இன்னும் நம்பவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பிளஸ் டூ கணக்கில் தோற்று, மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் ஒரு லெண்டிங் லைப்ரரியில் முகுந்தன் பழக்கமானான். கல்லூரியில் தத்துவம் படித்தான். நான் ஒரு வாரம் வைத்துக்கொண்டு படிக்கிற புத்தகத்தை அவன் ஒரே மூச்சில் முடித்துவிடுவான். அவன் எடுக்கிற தத்துவப் புத்தகத்தை நானும் வீம்புக்கு எடுத்துப்போய் இருபதாம் பக்கத்தில் தூங்கிவிடுவேன். போதாததற்கு அவனுக்குப் பறவை பார்க்கிற பைத்தியம் வேறு. ஞாயிறு விடிந்ததும் இரண்டு பேரும் சைக்கிளில் அடையாறு கடலில் சேருகிற இடத்துக்குப் போவோம், உடைந்த பாலம் இருக்கிறதே, அதன் பக்கத்துச் சேற்றுத் திட்டுக்கு.

பைனாகுலர் அவனுடையது, கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா கொடுத்தது. "அதோ!" என்பான். ஆசைதீரப் பார்த்துவிட்டு என் கையில் கொடுக்கும்போது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு வருஷத்தில் நான் பார்த்த பறவைகளைவிட ஆடுகிற கிளைகள்தான் அதிகம். அவன் நோட்டில் பக்கம் பக்கமாகப் பெயர்கள். என் நோட்டில் காக்கை, கொக்கு, மறுபடியும் கொக்கு. வெளியே சிரித்துக்கொண்டிருந்தேன், உள்ளே புகைந்துகொண்டிருந்தது. அவன் நல்லவன் வேறு, அதனால் இன்னும் புகைந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிறு அவனுக்குக் காய்ச்சல். பைனாகுலரைக் கொடுத்து என்னை மட்டும் போய்வரச் சொன்னான். அன்றைக்கென்று கொக்கைத் தவிர ஒன்றுமில்லை. பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "என்னடா கோபாலு, இன்னிக்காவது ஏதாவது தேறித்தா? இல்ல, கொக்குகிட்ட குசலம் விசாரிச்சுண்டு வந்துட்டியா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் காரணம். "பேரு தெரியாத ஒண்ணு மச்சி" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்த அறையில் கண்ணில் பட்டதைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு பறவை செய்தேன். அவன் போர்வையின் சாம்பல் நிறம் உடம்புக்கு, அலமாரியில் இருந்த குங்குமச் சிமிழின் சிவப்பு கழுத்துக்கு, மேசைமேல் கிடந்த பென்சிலின் மஞ்சள் காலுக்கு. இன்னொன்றும் தோன்றியது. நடக்கும்போது நடுநடுவே நின்று, தண்ணீரில் கால் வைத்த பூனை மாதிரி ஒரு காலைத் தூக்கி உதறும் என்று. அதையும் சொன்னால் அளப்பது தெரிந்துவிடும் என்று விழுங்கிவிட்டேன்.

முகுந்தன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "அடப்பாவி! நான் படுத்துண்டிருக்கற நாளாப் பாத்தா வரணும் அது?" என்றான். அவன் முகத்தில் பொறாமையை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். என் ஒரு வருஷத்துப் புகைச்சல் ஒரே நிமிஷத்தில் அடங்கியது. காய்ச்சலோடு நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதி, அடியில் 'முதலில் கண்டவன் கோபால்' என்று போட்டான்.

அடுத்த ஞாயிறு இரண்டு பேருமாகப் போனோம். வராவிட்டால் பறந்துபோயிருக்கும் என்று சொல்லிவிடலாம் என நினைத்திருந்தேன். போய் நின்று ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அவன் என் கையைப் பிடித்தான். "அதோடா! ஒன்னோடது!"

அன்றைக்குத்தான் பார்த்த கையோடு பைனாகுலரைத் தந்தான். அவன் காட்டிய பாலத்துத் தூணடியில் வெறும் சேறு. என் பொய்யைக் கண்டுபிடித்து விளையாடுகிறான் என்று நினைத்தேன். அப்போது பக்கத்து மீனவர் குப்பத்து லாசர் அண்ணன் தோளில் வீச்சுவலையோடு வந்தார்.

"இன்னா நைனா, அப்பிடி மொறைச்சிப் பாக்கறீங்கோ?" என்று நின்றவர், தூணைப் பார்த்ததும், "அட, அதுவா? அது எங்க நைனா காலத்துலேர்ந்து இங்கதான் மேஞ்சிகினு கீது" என்றார்.

சரி, இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நண்டுகளோடுமா பேசிவைத்தார்கள்? அந்தச் சேறு முழுக்கச் சின்ன நண்டுகள் ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக்கொண்டு நிற்கும். பறவையோ மனிதனோ கிட்டே வந்தால் சட்டென்று வளைக்குள் போய்விடும், கடந்துபோன பிறகு மெதுவாக வெளியே வரும். தூணடியிலிருந்து அந்த நண்டுகள் வரிசையாக ஒளிந்துகொண்டே வந்தன, யாரோ கோடு இழுக்கிற மாதிரி. முகுந்தன் தலையும் லாசர் அண்ணன் தலையும் அந்தக் கோட்டோடு சேர்ந்து ஒரே வேகத்தில் திரும்பின. கோடு என்னை நோக்கித்தான் வந்தது.

"அசையாதே" என்றான் முகுந்தன் மூச்சுக்குள். "கால உதறறது பாரு, தண்ணில கால வெச்ச பூன மாதிரி."

சத்தியமாகச் சொல்கிறேன், அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"டேய், அது பொய்டா!" என்று கத்திவிட்டேன். "அப்பிடி ஒரு பறவையே கெடையாது. ஒம் போர்வையப் பாத்துதான்டா சொன்னேன்!"

அவன் என் காலடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நானும் பாத்துட்டேன்னு பொறாமையாடா?" என்றான். "நோட்டுல ஒன் பேர்தானேடா மொதல்ல இருக்கு."

ஒரு வருஷம் பொறாமைப்பட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே நாளில் அதைப் பொறாமை என்றான். பைனாகுலரை அவன் கையில் திணித்துவிட்டு நடந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து எங்கேயும் போகவில்லை. லைப்ரரியில் பார்த்தாலும் ஆளுக்கொரு அலமாரிப் பக்கம் போய்விடுவோம். மேல்படிப்புக்கு வடக்கே போனவன் என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அன்றைக்கு நான் நடக்க ஆரம்பித்ததும் லாசர் அண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "நைனா, மெதுவாப் போ! அது ஒம் பின்னாலயே வந்துகினு கீது!"

திரும்பினேன். சேறுதான். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது என்னை இல்லை, என் குதிகாலுக்கு ஒரு அடி பின்னால்.

பயம் என்று நினைக்காதீர்கள். பொறாமைதான், இன்றுவரை. நான் செய்த பொய்யை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் உங்களை முன்னால் ஓடவிட்டு நான் ஏன் அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன் என்று கேட்டீர்களே, இதற்குத்தான். நாம் கடந்துபோனதும் நண்டுகள் வெளியே வருகின்றன. உங்களுக்குப் பின்னால் வெளியே வந்தவை அப்படியே நிற்கின்றன. எனக்குப் பின்னால் வருபவை மட்டும், வந்த மறு நொடி, இன்னொரு முறை ஒளிந்துகொள்கின்றன.